ஏக்கரும் ஹெக்டேயரும், இஞ்சியும் மில்லிமீற்றரும்: வன்னியில் இரண்டு அளவு முறைகளையும் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வீடு கட்டுகிற ஒருவர் ஹாட்வெயார் கடையில் வாங்கிய பற்றுச்சீட்டைப் பாருங்கள். சீமெந்து 50 கிலோப் பை. கம்பி மில்லிமீற்றரில். ஆணியின் நீளம் இஞ்சியில், ஆனால் விலை கிலோவில். மணல் கியூப்பில். கூரைத் தகடு அடியில். பெயின்ற் வாளியில் 4 லீற்றர் என்று எழுதியிருக்கும். வாங்கியவர் கேட்டதோ "ஒரு கலன்". இத்தனையும் ஒரே தாளில்.

சட்டப்படி இலங்கையின் அளவு முறை மெற்றிக்தான். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பாடசாலையில் பிள்ளைகள் படிப்பதும் அதுவே. ஆனால் காணி உறுதி, மேசனின் நாடா, குளத்தின் அளவுகோல், வயலில் பேசுகிற பேச்சு எல்லாம் இன்னும் பாதி பிரித்தானியர் விட்டுப்போன முறையில்தான் ஓடுகின்றன. இது அண்மைக்காலத்தில் மாறிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இரண்டிலும் புழங்கத் தெரிந்திருப்பதுதான் வசதி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவுகளால் நட்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் வாய்பாடு தெரியாமல் நட்டப்படுவதில்லை. மாற்றக்கூடாத இடத்தில் மாற்றி நட்டப்படுகிறார்கள். அல்லது புள்ளி வைக்கக்கூடாத இடத்தில் புள்ளி வைத்து நட்டப்படுகிறார்கள். கீழே வருகிற பாதி இந்த இரண்டைப் பற்றியதுதான்.

படி 1: பொருள் எந்த முறையில் பிறந்தது என்று கேளுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்த அளவு உண்டு. தொழிற்சாலை எந்த அளவில் செய்ததோ, உறுதி எந்த அளவில் எழுதப்பட்டதோ, அதுதான் அதன் சொந்த அளவு. வாங்கும்போது அந்த அளவையே சொல்லிக் கேளுங்கள். மாற்றிப் பார்ப்பது விலையை ஒப்பிடவும் சரிபார்க்கவும் மட்டும்.

மனதில் இருக்க வேண்டிய எண்கள் அதிகமில்லை. ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர், ஏறத்தாழ இல்லை, சரியாகவே. 1959இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா உள்ளிட்ட ஆறு நாடுகள் கூடி யாரை 0.9144 மீற்றர் என்றும் இறாத்தலை 0.45359237 கிலோ என்றும் நிலைநிறுத்தின. அதிலிருந்து வருவதுதான் 25.4. ஓர் அடி 30.5 சென்ரிமீற்றர். ஓர் இறாத்தல் 454 கிராம். ஒரு பிரித்தானியக் கலன் 4.55 லீற்றர். 5 மைல் என்றால் 8 கிலோமீற்றர். ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். இந்த ஆறும் தெரிந்தால் சந்தையிலும் வயலிலும் போதும். மிச்சத்துக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது.

படி 2: புள்ளியை நம்பாதீர்கள்

மெற்றிக் முறையில் எல்லாம் பத்துப் பத்தாக ஏறும். பழைய முறையில் 12 அங்குலம் ஓர் அடி, 16 அவுன்ஸ் ஓர் இறாத்தல், 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஓர் ஏக்கர். பத்து எங்கேயும் இல்லை. அதனால்தான் "5 அடி 6 அங்குலம்" என்பதை 5.6 அடி என்று எழுதினால் பிழைக்கும். 5 அடி 6 அங்குலம் என்றால் 5.5 அடி, அதாவது 168 சென்ரிமீற்றர். 5.6 அடி என்பது 5 அடி 7 அங்குலத்தையும் தாண்டிவிடும்.

லண்டனிலிருந்து மருமகள் "பிள்ளை 7 இறாத்தல் 4 அவுன்ஸ்" என்று செய்தி அனுப்பினால் அது 7.4 இறாத்தல் இல்லை, 7.25 இறாத்தல், அதாவது 3.29 கிலோ. இதில் பிழை விட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். காணியில் விட்டால் சிரிக்க முடியாது.

படி 3: காணி

இந்த வழிகாட்டியில் நின்று நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி இதுதான்.

பழைய உறுதிகளிலும் வரைபடங்களிலும் காணியின் விஸ்தீரணம் மூன்று எண்களாக இருக்கும்: ஏக்கர், றூட், பேர்ச். 1 – 2 – 20 என்று இருந்தால் ஒரு ஏக்கர், இரண்டு றூட், இருபது பேர்ச். இதை மாற்ற ஒரே பாதுகாப்பான வழி, முதலில் எல்லாவற்றையும் பேர்ச்சுக்கு இறக்குவது.

1 ஏக்கர் = 160 பேர்ச்
2 றூட் = 80 பேர்ச்
மிச்சம் 20 பேர்ச்
மொத்தம் 260 பேர்ச்

260ஐ 160ஆல் பிரித்தால் 1.625 ஏக்கர். ஒரு பேர்ச் 25.293 சதுர மீற்றர் என்பதால், 260ஐ அதனால் பெருக்கினால் 6,576 சதுர மீற்றர் வரும். பத்தாயிரத்தால் பிரித்தால் 0.6576 ஹெக்டேயர். புதிய நில அளவை வரைபடத்தில் நீங்கள் காண்பது இந்தக் கடைசி எண்ணைத்தான்; புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் வரைக்கும் எழுதியிருப்பார்கள்.

இனிப் பொறிக்கு வருவோம். "ஒண்டே கால் ஏக்கர்" என்று பேசி, 1.25 என்று ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அதை வாசிக்கிற இன்னொருவர் ஒரு ஏக்கர் 25 பேர்ச் என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் கால் ஏக்கர் என்பது 40 பேர்ச். 15 பேர்ச் காணாமல் போய்விட்டது. அது 4,000 சதுர அடிக்கு மேலே, ஒரு வீடும் முற்றமும் வருகிற நிலம். விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பேரும் நேர்மையானவர்களாக இருந்தாலும் இது நடக்கும். ஆகவே கைச்சாத்திடும் முன் மொத்தத்தைப் பேர்ச்சில் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். பேர்ச் ஒரே எண், புள்ளிக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

கண்ணால் பார்த்தவுடனே அடையாளம் காண வேண்டிய ஹெக்டேயர் எண்கள் மூன்று. 0.1012 என்றால் கால் ஏக்கர். 0.2023 என்றால் அரை ஏக்கர். 0.4047 என்றால் ஓர் ஏக்கர். அனுமதிப்பத்திரக் காணி வைத்திருப்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துவிட்டு "எனக்கு அரை ஏக்கர் என்று சொன்னார்கள், இதில் 0.2 தானே இருக்கிறது" என்று கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடப்பதை அடிக்கடி காணலாம். காணி குறையவில்லை. அலகுதான் பெரிதாகிவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பரப்புக் கணக்கில் பேசுவார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச். பரப்புக்கு 18 குழி. வன்னியில் காணி விலை பேசும்போது ஒரு பக்கம் பரப்பிலும் மறுபக்கம் ஏக்கரிலும் பேசினால் 16ஆல் பெருக்கிப் பார்த்தே தலையாட்டுங்கள்.

நீங்களே அளக்க வேண்டுமென்றால்? ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஏன் இப்படி ஒரு கோணல் எண் என்றால், அது சங்கிலியிலிருந்து வந்தது. 1620இல் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலக் கணிதர் 66 அடி நீளமும் 100 கண்ணியும் கொண்ட ஒரு நில அளவைச் சங்கிலியை அறிமுகப்படுத்தினார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஐந்து சங்கிலி நீளம், இரண்டு சங்கிலி அகலம், அதாவது 330 அடிக்கு 132 அடி வயல் சரியாக ஓர் ஏக்கர். சங்கிலி போய்விட்டது, அவர் வைத்த எண் வவுனியா, முல்லைத்தீவு உறுதிகளில் இன்னும் இருக்கிறது.

வயல் நேர்ச்சதுரமாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். பலர் எதிரெதிர் வரம்புகளைக் கூட்டி, பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவார்கள். மூலைகள் செங்கோணமாக இல்லாவிட்டால் இந்த முறை எப்போதும் உண்மைப் பரப்பைவிடக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அறுவடை மெசினுக்கு ஏக்கர் கணக்கில் கூலி கொடுக்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சரியான வழி இது:

ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கயிறு பிடியுங்கள். அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள், 250 அடி என்று வைப்போம். மிச்சம் இரண்டு மூலைகளிலிருந்தும் அந்தக் கயிற்றுக்குச் செங்குத்தாக உள்ள தூரத்தை அளங்கள். ஒன்று 110 அடி, மற்றது 90 அடி. இரண்டையும் கூட்டினால் 200. 250ஐ 200ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 25,000 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால் அதனால் பிரித்தால் ஏறத்தாழ 92 பேர்ச். அரை ஏக்கருக்கு மேலே 12 பேர்ச். செங்குத்தா என்ற ஐயம் வந்தால் மேசன்மாரின் 3–4–5 முறையைப் பிடியுங்கள்: கயிற்றில் 6 அடி, செங்குத்துப் பக்கம் 8 அடி, இரண்டு முனைக்கும் இடையில் 10 அடி வந்தால் மூலை சரி.

கைத்தொலைபேசிச் செயலி வைத்து வரம்பைச் சுற்றி நடப்பதும் இப்போது வழக்கம். பத்து ஏக்கருக்கு அது போதும். கால் ஏக்கருக்கு நம்பாதீர்கள். ஒவ்வொரு மூலையிலும் சில மீற்றர் பிசகினாலே கணக்கு வேறாகிவிடும். எல்லைத் தகராறு என்றால் இது எதுவும் செல்லாது, பதிவுபெற்ற நில அளவையாளர்தான் வர வேண்டும்.

படி 4: விதைநெல்லிலிருந்து விளைச்சல் வரை

நெல்லின் வன்னி அளவு புசல். ஒரு புசல் நெல் 46 இறாத்தல், ஏறத்தாழ 21 கிலோ. புசல் உண்மையில் கொள்ளளவு, நிறை இல்லை. அதனால் ஈரநெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே புசலில் வேறுவேறு நிறை காட்டும். விற்கும்போது கிலோவில் விற்பதே நியாயம். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீத ஈரப்பதம்.

மூடைக்கு எந்த முறையிலும் நிலையான அளவு இல்லை. வியாபாரி "மூடைக்கு இவ்வளவு" என்று விலை சொன்னால், "உங்கட மூடை எத்தினை கிலோ அண்ணை?" என்று கேட்டுவிட்டே பேச்சைத் தொடருங்கள். சாக்கின் நிறைக்கு எவ்வளவு கழிக்கிறார் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

விதைப்புக்குக் காலாகாலமாகச் சொல்வது ஏக்கருக்கு இரண்டு புசல். விவசாயத் திணைக்களத்தின் தாளில் ஹெக்டேயருக்கு 100 கிலோ என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்: இரண்டு புசல் 42 கிலோ, அதை இரண்டரையால் பெருக்கினால் நூறைத் தொட்டுவிடும்.

விளைச்சலுக்கு ஒரு குறுக்கு வழி. ஏக்கருக்கு எத்தனை புசல் என்பதை 20ஆல் பிரித்தால் ஹெக்டேயருக்கு எத்தனை தொன் என்று கிட்டத்தட்ட வந்துவிடும். 80 புசல் என்றால் 4 தொன், 100 புசல் என்றால் 5 தொன். நுணுக்கமாகப் பார்த்தால் 4.1, 5.2 வரும். பத்திரிகையில் மாவட்டச் சராசரி விளைச்சலைத் தொன்னில் போட்டிருந்தால், அதை 20ஆல் பெருக்கி உங்கள் வயலோடு ஒப்பிடுங்கள்.

பசளையிலும் மருந்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். தாளில் ஹெக்டேயருக்கு என்று எழுதியிருப்பதை ஏக்கருக்கு என்று நினைத்துப் போட்டால் இரண்டரை மடங்கு போகும். காசும் போய், பயிரும் சாய்ந்து, நோயும் பிடிக்கும். ஹெக்டேயர் கணக்கை 0.4ஆல் பெருக்கினால் ஏக்கர்க் கணக்கு: ஹெக்டேயருக்கு 100 கிலோ யூரியா என்றால் ஏக்கருக்கு 40 கிலோ. ஊரில் பேசுகிற "அந்தர்" பழைய காலத்தில் 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. இப்போது 50 கிலோப் பையைத்தான் அந்தர் என்கிறோம். பசளைக்கு அந்த முக்கால் கிலோ ஒரு பொருட்டில்லை. இருபது அந்தர் ஒரு தொன் என்ற பழைய வாய்பாடு புதுத் தொன்னுக்கும் பொருந்தி நிற்பது ஒரு வசதி.

தெளிகருவிக்கு லேபலில் "10 லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்" என்று இருந்தால், 16 லீற்றர்த் தாங்கிக்கு 32 மில்லிலீற்றர். போத்தல் மூடியால் அளக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூடிக்கு மூடி கொள்ளளவு வேறு. மருந்துக் கடையில் கோடு போட்ட சிறு அளவுக் கிண்ணம் மலிவாகக் கிடைக்கும். வயலுக்கென்று ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள், அது குசினிப் பக்கம் வரவே கூடாது.

படி 5: மழை, குளம், கிணறு

காலநிலை அறிவிப்பில் மழை மில்லிமீற்றரில் வரும். பெரியவர்கள் "நாலு இஞ்சி மழை" என்பார்கள். 25 மில்லிமீற்றர் ஓர் அங்குலம், 100 மில்லிமீற்றர் நாலு அங்குலம். மெற்றிக் முறை இங்கேதான் உண்மையில் அழகு: ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லீற்றர். 600 சதுர அடிக் கூரை 56 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் மழைக்கு 1,400 லீற்றர் விழும். தெறித்தது, வழிந்தது போக ஆயிரத்துச் சொச்சம் தாங்கிக்கு வந்து சேரும்.

குளத்துக்கு வந்தால் எல்லாம் அடிதான். இரணைமடு 36 அடியைத் தொட்டால் வான் கதவு திறப்பார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அளவுகோலில் தெரிவது நீரின் உயரம். நீரின் அளவு வேறு. குளம் கிண்ணம்போல அடியில் ஒடுங்கி மேலே விரிந்திருப்பதால், 18 அடி நின்றால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று நினைக்கக்கூடாது. பாதிக்கு மிகக் குறைவாகவே இருக்கும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிக்கும்போது பேச வேண்டியது ஏக்கர் அடிக் கணக்கை.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஓர் ஏக்கர் அடி: 1,233 கன மீற்றர், அதாவது 12 லட்சம் லீற்றருக்கு மேல். இரணைமடு ஒரு லட்சம் ஏக்கர் அடிக்கு மேல் கொள்கிற குளம். செய்திகளில் "மில்லியன் கன மீற்றர்" என்று வந்தால் ஒரு மில்லியனுக்கு 811 ஏக்கர் அடி என்று வையுங்கள். துருசால் விடுகிற நீரைக் கியூசெக்கில் சொல்வார்கள். செக்கனுக்கு ஒரு கன அடி, 28 லீற்றர். ஒரு கியூசெக் 24 மணித்தியாலம் ஓடினால் கிட்டத்தட்டச் சரியாக இரண்டு ஏக்கர் அடி. வாய்க்கால் முறை வைக்கிறவர்களுக்கு இதைவிட உதவியான வாய்பாடு கிடையாது.

கிணற்றுத் தண்ணீரைக் கணக்கிட, விட்டத்தையும் நீர் நிற்கும் ஆழத்தையும் அடியில் எடுங்கள். விட்டம் 15 அடி, நீர் 6 அடி என்றால்: 15ஐ 15ஆல், பிறகு 0.785ஆல், பிறகு 6ஆல் பெருக்குங்கள். 1,060 கன அடி வரும். ஒரு கன அடி 28.3 லீற்றர் என்பதால் 30,000 லீற்றர்.

சரி, பம்ப் எவ்வளவு இறைக்கிறது? பெட்டியில் எழுதியிருப்பது உயரமே இல்லாமல் இறைக்கும் உச்ச அளவு. உங்கள் கிணற்றில் அது வராது. 200 லீற்றர்ப் பீப்பா ஒன்றை நிரப்பி நேரம் பாருங்கள். 24 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 500 லீற்றர். ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட 2 லட்சம் லீற்றருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். அந்தப் பம்ப் ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் ஓட வேண்டும். முன்னர் சொன்ன கிணறு, ஊற்று இல்லாவிட்டால், ஒரு மணித்தியாலத்தில் வற்றிவிடும்.

அந்தப் பீப்பாவிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய ஆட்கள் அதை 45 கலன் பீப்பா என்பார்கள். அமெரிக்கர் அதே பீப்பாவை 55 கலன் என்பார்கள். அமெரிக்கக் கலன் 3.79 லீற்றர்தான். இணையத்தில் எதையாவது வாசித்துக் கலன் கணக்கில் கலக்கப் போகிறீர்கள் என்றால் எந்தக் கலன் என்று பார்த்துவிடுங்கள்.

படி 6: வீட்டு வேலை

பி.வி.சி. குழாயில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஓர் இஞ்சி 25.4 மில்லிமீற்றர் என்று பாடசாலையில் படித்த பிள்ளை, ஓர் இஞ்சிக் குழாய் வாங்கி வரச் சொன்னால் 25 மில்லிமீற்றர்க் குழாயோடு வருவான். அது முக்கால் இஞ்சிக் குழாய். மில்லிமீற்றர் எண் குழாயின் வெளிவிட்டம். இஞ்சி எண்ணோ உள்ளே தண்ணீர் ஓடுகிற துளையை ஒட்டி வைத்த பெயர். கடைக் கணக்கு இப்படி: அரை இஞ்சி 20, முக்கால் 25, ஒன்று 32, ஒன்றேகால் 40, ஒன்றரை 50, இரண்டு 63. இங்கே பெருக்கல் கூடாது, மனப்பாடம்தான்.

கம்பிக்கு "நூல்" கணக்கு. ஓர் இஞ்சிக்கு 8 நூல். 2 நூல் 6 மில்லிமீற்றர், 3 நூல் 10, 4 நூல் 12, 5 நூல் 16 என்று கடையில் தருவார்கள். இதில் 4 நூலைக் கவனியுங்கள்: அரை இஞ்சி 12.7 மில்லிமீற்றர், கையில் வருவது 12. வெட்டுமுகத்தில் பார்த்தால் இரும்பு பத்து வீதத்துக்கு மேல் குறைவு. பழைய வரைபடத்தில் அரை இஞ்சி என்று போட்டிருந்தால் 12ஐ அப்படியே மாற்றிப் போடாமல் வரைபடம் கீறியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 6 மீற்றர்க் கம்பியை 20 அடி என்று பேசுவதும் வழக்கம். அது 20 அடிக்கு நாலு அங்குலம் கிட்டக் குறையும். தூணுக்கு வெட்டும்போது மேசன் திட்டுவது இதற்காகத்தான்.

மணலும் கல்லும் கியூப். ஒரு கியூப் 100 கன அடி, 2.83 கன மீற்றர். வீட்டுத்திட்ட மதிப்பீட்டில் 5 கன மீற்றர் மணல் என்று இருந்தால் 2.83ஆல் பிரியுங்கள்: ஒன்றே முக்கால் கியூப். மீற்றருக்கு 3.28 அடி என்று நினைவில் வைத்துக்கொண்டு 5ஐ 3.28ஆல் பெருக்கினால் எங்கோ போய்விடும். சதுர மீற்றருக்கு 10.76 சதுர அடி, கன மீற்றருக்கு 35.3 கன அடி. நீளத்தின் எண் நீளத்துக்கு மட்டும்.

கலவை விகிதத்துக்கு அலகே தேவையில்லை. 1:2:4 என்றால் எந்தப் பெட்டியாலும் அளக்கலாம், ஒரே பெட்டியாக இருந்தால் சரி. 50 கிலோச் சீமெந்துப் பை ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. உள்ளளவு 12 அங்குலத்துக்கு 12, உயரம் 15 அங்குலம் வைத்துப் பலகையில் ஒரு பெட்டி அடித்தால் ஒரு பெட்டி ஒரு பைக்குச் சமம். மண்வெட்டியால் எண்ணிப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அளவு நாடாவின் முனையிலுள்ள கொக்கி கொஞ்சம் ஆடும். அது பழுது என்று நினைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். வெளியே கொளுவி இழுக்கும்போதும், சுவரில் முட்டக் கொடுத்து உள்ளளவு எடுக்கும்போதும் கொக்கித் தகட்டின் தடிப்புக் கணக்கில் சேராமலிருக்கவே அதை ஆட விட்டிருக்கிறார்கள். யன்னல், கதவு நிலை அளக்கும்போது நீங்களும் தச்சரும் நாடாவின் ஒரே விளிம்பைப் பாருங்கள். ஒருவர் இஞ்சி, மற்றவர் சென்ரிமீற்றர் என்று போனால் நிலை வந்து சுவரில் நிற்காது.

படி 7: கடை, அடுப்படி, நோய்நொடி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இங்கே வாழ்க்கை ஏற்கனவே சமாளித்துவிட்டது. ஓர் இறாத்தல் பாண் 450 கிராம். தேனும் நல்லெண்ணெயும் போத்தல் கணக்கு. ஒரு கலனுக்கு ஆறு போத்தல் என்ற பழைய கணக்கின்படி ஒரு போத்தல் 750 மில்லிலீற்றரை ஒட்டி வரும். முள்ளியவளையில் போத்தல் விலைக்கும் வவுனியாக் கடையில் லீற்றர் விலைக்கும் தேனை ஒப்பிட வேண்டுமென்றால், போத்தல் விலையோடு அதன் மூன்றிலொன்றைக் கூட்டுங்கள். லீற்றர் விலை வந்துவிடும்.

தங்கம் ஒரு பவுண் 8 கிராம். உலகச் சந்தை விலை அவுன்சில் வரும். அது தங்க அவுன்ஸ், 31.1 கிராம். சமையல் அவுன்ஸ் 28.35 கிராம்தான். இரண்டையும் கலந்தால் கணக்கு பத்து வீதம் பிசகும்.

தூரத்துக்கு ஊரில் "கட்டை" என்றால் மைல். கிளிநொச்சியின் 155ஆம் கட்டை, ஏ9 வீதியின் பழைய மைல்கல் தந்த பெயர். வீதிப் பலகைகள் கிலோமீற்றருக்கு மாறி எவ்வளவோ காலமாகியும் அந்தச் சந்தியின் பெயரை யாரும் மாற்றவில்லை.

காய்ச்சல் விடயத்தில் விளையாட்டு வேண்டாம். 98.6 பரனைட் 37 செல்சியஸ். 100.4 என்றால் 38, அதிலிருந்து காய்ச்சல். 102 என்றால் 38.9. 104 என்றால் 40. வெப்பமானியில் எந்த அலகு என்று பார்த்து, மருத்துவருக்குச் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பாணி மருந்துக்கு ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலீற்றர். குசினிக் கரண்டியால் அளக்காமல் போத்தலோடு வந்த கிண்ணத்தையே பயன்படுத்துங்கள்.

படி 8: உழவு இயந்திரமும் சாவிப் பெட்டியும்

வன்னியில் பழைய மசி பேர்குசன் ஓடுகிற முற்றத்திலேயே ஜப்பானிய லாண்ட்மாஸ்டரும் நிற்கும். முதலாவதில் இஞ்சி நட்டுகள் நிறைய, இரண்டாவதில் மில்லிமீற்றர். ஒரே சாவிப் பெட்டியால் இரண்டையும் கழற்றப் போனால் நட்டின் மூலை உருண்டுவிடும்.

சில சாவிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். முக்கால் இஞ்சி 19.05 மில்லிமீற்றர், 19ஆம் இலக்கச் சாவி கச்சிதமாகப் பிடிக்கும். எட்டில் ஐந்து இஞ்சி, அதாவது 5 நூல், 15.9, அதற்கு 16 பரவாயில்லை. ஆனால் அரை இஞ்சி நட்டுக்கு 13 போட்டால் 0.3 மில்லிமீற்றர் தளர்வு. இலேசான நட்டு என்றால் கழன்றுவிடும். துருப்பிடித்து இறுகியது என்றால் சாவி வழுக்கும், விரல் முட்டி தகட்டில் அடிபடும்.

சாவியைவிட ஆபத்து மரை. 12 மில்லிமீற்றர்ப் போல்ட்டும் அரை இஞ்சிப் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். மரையின் இடைவெளி வேறு: ஒன்றில் சாதாரணமாக 1.75 மில்லிமீற்றர், மற்றதில் கரட்டு மரை என்றால் இஞ்சிக்கு 13 சுற்று, அதாவது 1.95. ஒரு சுற்று ஏறும், பிறகு இறுகும். அதைச் "சரி, புதுசு என்றபடியால் இறுக்கம்" என்று நினைத்துப் பலங்கொண்டு முறுக்கினால் என்ஜின் வார்ப்பின் மரை போய்விடும்.

போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8, 10.9 என்று எண் பொறித்திருந்தால் அது மில்லிமீற்றர்ப் போல்ட். எண் இல்லாமல் நடுவிலிருந்து விரிகிற சிறு கோடுகள் இருந்தால் இஞ்சிப் போல்ட். மூன்று கோட்டைவிட ஆறு கோடு உறுதி கூடியது. தலையில் ஒன்றுமே இல்லையென்றால் பழைய நட்டைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். புதுப் போல்ட்டில் அதை விரலால் மட்டும் சுற்றுங்கள். சாவி இல்லாமல் நாலைந்து சுற்று இலேசாக ஏறினால் காசைக் கொடுக்கலாம்.